ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டால் போதும்

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை பட்டப்படிப்பில் சேர்ந்ததாகச் செய்தி வந்தால் ஊரே பூரித்துப்போகிறது. அரசுக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற எனக்கோ மகிழ்ச்சியோடு கவலையும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளையின் அறிவை விட்டுவிட்டு வயதைச் சாதனையாக்கிவிடுகிறோமே என்ற கவலை அது.

1909-இல் வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் 11 வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். சில மாதங்களில் நாற்பரிமாண உருவங்களைப் பற்றி அங்குள்ள கணிதக் கழகத்தில் உரையாற்றினான். பத்திரிகைகள் அவனைத் துரத்தின. வளர்ந்தபின் அவர் யார் கண்ணிலும் படாமல் சாதாரண எழுத்தர் வேலைகளில் ஒதுங்கி வாழ்ந்தார். 1937-இல் ஓர் இதழ் அப்போதும் அவரைத் தேடிப்பிடித்து எழுதியது. அந்தரங்கம் மீறப்பட்டதாக அவர் தொடுத்த வழக்கு தோற்றது. 1944-இல் 46 வயதில் இறந்தார்.

சீக்கிரம் சேர்ந்தால் வாழ்க்கை கெட்டுவிடும் என்று இதற்குப் பொருளல்ல. அதே 1909-இல், 14 வயதில், பட்டம் முடித்துவிட்டு ஹார்வர்டில் மேற்படிப்புக்கு வந்தவர் நார்பர்ட் வீனர். பின்னாளில் சைபர்நெட்டிக்ஸ் துறையையே தோற்றுவித்தார். ஆனால், பெற்றோர் பின்பற்றத்தக்க வழி கணிதவியலாளர் டெரன்ஸ் டாவின் வழிதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எட்டு வயதிலேயே அவர் உயர்நிலைப் பள்ளிக் கணித வகுப்புக்குப் போனார். மற்ற பாடங்களுக்குக் கீழ் வகுப்புகளில் உட்கார்ந்தார். ஒன்பது வயதில் பல்கலைக்கழகக் கணிதத்தைத் தொட்டார். ஆனாலும் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவரானது 14 வயதில்தான். பெற்றோர் அவசரப்படவில்லை. 2006-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வென்ற அவரே, சின்ன வயதில் பட்டம் வாங்குவதைக் குறியாக வைக்க வேண்டாம் என்று பெற்றோருக்கு எழுதியிருக்கிறார்.

ஏழாம் வகுப்பு மகனோடு ஒரு தந்தை என்னைப் பார்க்க வந்தார். கையில் லேமினேட் செய்த சான்றிதழ்கள் அடங்கிய ஃபைல். "பிளஸ் டூவை பிரைவேட்டா எழுத வச்சு நேரா பி.எஸ்சி.ல சேத்துடலாமா சார்?" பையன் என் மேசையில் கிடந்த தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். முதலில் ஒன்று, அதை அணைத்தாற்போல் மூன்று, பிறகு ஐந்து, ஏழு. நாலுக்கு நாலாகச் சதுரம் வந்துவிட்டது. "ஒற்றைப்படை எண்ணை வரிசையா கூட்டினா ஏன் எப்பவும் வர்க்கமே வருதுன்னு இப்ப தெரியுது சார்" என்றான். "அதெல்லாம் அப்புறம், சார் அட்மிஷன் பத்திச் சொல்றதைக் கேளு" என்றார் அப்பா.

அந்தப் புள்ளிகளைப் பற்றி உட்கார்ந்து பேச அவனுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். பள்ளி விட்டதும் விளையாட அவன் வயதுத் தோழர்களும் வேண்டும். ஒன்றுக்காக மற்றதை அவன் ஏன் இழக்க வேண்டும்?

நம் ஏற்பாட்டில் நடுவழி இல்லை. பிளஸ் டூ தேறாமல் இளங்கலையில் சேர முடியாது. நீட் எழுதவோ அந்த ஆண்டு முடிவதற்குள் 17 வயது நிறைய வேண்டும். இந்த விதிகளை உடைக்கச் சொல்லவில்லை. பள்ளி ஆசிரியர் ஒரு மாணவரைப் பரிந்துரைத்தால், பக்கத்து அரசுக் கல்லூரியில் ஒரு பருவத்துக்கு ஒரு பாடத்தை மட்டும் அந்த மாணவர் படிக்கட்டும். தேர்வும் எழுதட்டும். அந்த மதிப்பெண்ணைப் பிற்பாடு பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் வீடு தேடி வருவார். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பிலேயே வகுப்பின் கணக்கையெல்லாம் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவிக்கு யார் இருக்கிறார்கள்? உயர்கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியிலாவது இதைத் தொடங்க வேண்டும். தொடங்கும்போது, அந்த மாணவர்களின் வயதையும் படத்தையும் தலைப்புச் செய்தியாக்குவதில்லை என்று பத்திரிகைகளும் உறுதி எடுக்க வேண்டும்.