சோதனைச்சாலையில் ஆசிரியர்

விஞ்ஞான மாணாக்கர் வாரத்தில் பல பிற்பகல்களைச் சோதனைச்சாலையிலேயே கழிக்கின்றனர். ஆயினும் சொற்பொழிவு வகுப்புக்கு நம் கலாசாலைகளில் உள்ள மதிப்பு சோதனை வகுப்புக்கு இல்லை. அதனை எங்ஙனம் நடத்துவதென்று புதிய ஆசிரியருக்குக் கற்பிப்பாரும் அரியர். பள்ளிக்கூட உபாத்தியாயராக விரும்புவோர் போதனாமுறைப் பட்டம் பெறல் வேண்டும். கலாசாலை ஆசிரியருக்கோ அந்நிபந்தனை கிடையாது. 1989-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசியத் தகுதித் தேர்வு, இன்று கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் பரீக்ஷையாகவே உள்ளது. அதில் தேறியவர் பியூரெட்டைத் திறம்படக் கையாளுவாரா என்பதும், பிறர் கையாளுவதைக் கண்டு திருத்துவாரா என்பதும் எவராலும் சோதிக்கப்படுவதில்லை.

இக்குறையின் பயன் யாது? நாம் மாணாக்கராயிருந்த காலத்தை நினைவு கூர்வோம். சோதனையின் முடிவு இன்னதென்பதைச் சென்ற ஆண்டு மாணாக்கரின் குறிப்பேட்டிலிருந்து முன்னரே அறிந்திருந்தோம். நமது அளவீடு அதற்கு ஒவ்வாதபோது, பிழை எங்கே நேர்ந்ததென்று தேடினோமல்லோம், எண்ணைத் திருத்தினோம். ஆசிரியர் கையொப்பமிட்டார், மதிப்பெண்ணும் கிடைத்தது. உண்மையைத் தேடுதற்கென்று ஏற்பட்ட இடத்திலேயே பொய்யெழுதும் பழக்கம் இளம் உள்ளத்தில் வேரூன்றுவதைக் காட்டிலும் வருந்தத்தக்கது வேறு உண்டோ? ஆசிரியரைக் குறை கூறவும் நமக்கு மனமில்லை. அவரும் அவ்வாறே கற்றவர். வேறு வழி அவருக்குக் காட்டப்படவில்லை.

“சோதனை வகுப்பின் நோக்கம் சொற்பொழிவில் கேட்டதை உறுதிப்படுத்துவதுதானே? பயிற்சி எதற்கு? அனுபவத்தால் வந்துவிடும்” என்பார் சிலர். நட்டாஷா ஹோம்ஸ், நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் முதலியோர் அமெரிக்காவில் 3 கல்வி நிலையங்களின் 9 பௌதிக சோதனை வகுப்புகளை ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டனர். பாடத்தை உறுதிப்படுத்துவதற்கென்றே அமைந்த அவ்வகுப்புகளுக்குச் சென்றவரும் செல்லாதவரும் பாடப் பரீக்ஷையில் வேறுபடவில்லை என்பதே அம்முடிவு. சொற்பொழிவு செய்யும் வேலையைச் சோதனைச்சாலை செய்ய இயலாது. அளத்தல், ஐயுறுதல், பிழையின் காரணத்தை நாடுதல் ஆகிய இவையே அதற்குரிய வேலை. இவற்றைக் கற்பிப்பது தனியொரு கலை; தனியே பயிலற்பாலது.

அக்கலை எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் மாணாக்கர் ஒருவர் தம் வீட்டுக் கிணற்று நீரை ஒரு புட்டியில் கொணர்கிறார் என்று கொள்வோம். அந்நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளக்க வேண்டும். திராட்சைச் சிவப்பு நிறம் தெளிந்த நீலமாக மாறும் கணத்தில் நிறுத்த வேண்டும். விடை எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை, ஆசிரியருக்கும் தெரியாது. மாணாக்கர் கூம்புக் குடுவையை அக்கிணற்று நீராலேயே அலம்பிவிடுகிறார். “அப்படிச் செய்யாதே” என்று சொல்லுதல் எளிது. “பியூரெட்டை அதனுள் ஊற்றப்போகும் கரைசலால் அலம்புகிறோம், குடுவையை மட்டும் வாலை நீரால் அலம்புவது ஏன்?” என்று வினவி, அவர் சிந்திக்கும் வரையில் வாளாவிருத்தல் அரிது. குடுவையில் எஞ்சிய துளிகள் அளவைக் கூட்டிவிடும் என்பதைத் தாமே கண்டவர் பின்னர் அதனை மறவார். எப்போது கேட்பது, எப்போது காத்திருப்பது, எப்போது கையைப் பிடித்துத் தடுப்பது என்பது நூலால் வருவதன்று. அமிலமும் நெருப்பும் உள்ள இடத்தில் தாமதமின்றித் தடுக்க வேண்டிய தருணங்களும் உண்டு.

நம் நாட்டில் இதற்கு முயற்சியே இல்லை என்பது நம் கருத்தன்று. கலாசாலை ஆசிரியரின் பயிற்சிக்கென 1987-ஆம் ஆண்டு முதல் ஏற்பட்ட நிலையங்கள் 2023-இல் மாளவியா இயக்கத்தின் பெயரால் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் அத்தகைய பயிற்சிகளிற் பெரும்பகுதி சொற்பொழிவைக் கேட்பதாகவே அமைகிறது. இதற்கு மாறான வழியை நமக்குக் காட்டியவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய பௌதிகப் பேராசிரியர் ஆர். சீனிவாசன். இந்நூற்றாண்டின் தொடக்கக் காலமுதல் இந்திய விஞ்ஞானக் கழகங்களின் ஆதரவில் அவர் நடத்திய வகுப்புகளில், கலாசாலை ஆசிரியர்கள் இரண்டு வார காலம் மாணாக்கரைப் போல் மேசையருகே நின்று, குறைந்த விலைக் கருவிகளைக் கொண்டு தம் கையாலேயே சோதனைகளைச் செய்தனர். தாம் தடுமாறிய இடத்தை அறிந்த ஆசிரியரே தம் மாணாக்கர் தடுமாறும் இடத்தையும் அறிவார்.

நமது கிறிஸ்தவக் கலாசாலை 1937-ஆம் ஆண்டு தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, இவ்வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தவர் ரஸாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ். மலைதோறும் சென்று செடிகளை ஆராய்ந்த அவர் பெயரை அரிசீமா என்னும் குலத்துச் செடியொன்று தாங்கி நிற்கிறது. தமது பாடத்துக்கு அப்பாலும் கற்பவராகவே அவர் விளங்கினார். அம்மரநிழலில் நடக்கும் நமக்கு, கற்பிப்பவரும் கற்பவராயிருத்தல் புதுமையாகாது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, புதிய ஆசிரியர் ஒவ்வொருவரும் பருவம் தொடங்குமுன் அப்பருவத்துச் சோதனைகள் அனைத்தையும் தாமே செய்து பார்த்தல் வேண்டும். எக்கருவி எவ்வாறு பழுதுறும் என்பதைச் சோதனைச்சாலை உதவியாளரிடம் கேட்டறிதலும் இதில் அடங்கும். அவருடைய நீண்ட அனுபவத்தை நாம் போதிய அளவு மதிப்பதில்லை. இரண்டாவது, புதியவர் மூத்த ஆசிரியரின் வகுப்பிலும், மூத்தவர் புதியவரின் வகுப்பிலும் சில நாட்களாவது உடனிருந்து, கண்டதை நட்புடன் உரையாடல் வேண்டும். மூன்றாவது, விடை முன்னரே தெரியாத சோதனை ஒன்றேனும் ஒவ்வொரு பருவத்திலும் இடம்பெறல் வேண்டும். அதில் மதிப்பெண், நேர்மையாகப் பதிந்த அளவுக்கும் ஆராய்ந்து கண்ட பிழைக்குமே வழங்கப்படல் வேண்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நேரமும் பணிவும் போதும். கிணற்று நீருடன் வரும் மாணாக்கர், தாம் கண்ட எண்ணை அஞ்சாது எழுதிச் செல்வாராயின், அன்றைய பிற்பகல் வீணாகவில்லை என்று நாம் மகிழலாம்.