குழாயும் ஜலமும்

குழாய் வேறு, ஜலம் வேறு என்பதை நம் தாய்மார்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வறண்ட குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் காத்து நின்றவர்கள் அவர்கள். திட்டம் வகுப்போருக்குத்தான் இந்த வித்தியாசம் அடிக்கடி மறந்து போகிறது. குழாய் பதித்தாயிற்று, பணம் பட்டுவாடா ஆயிற்று, திறப்பு விழாவும் நடந்தேறிற்று; ஆகவே காரியம் முடிந்தது என்று கணக்கை மூடிவிடுகிறார்கள்.

நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே, அருவங்காட்டை அடுத்து, ஜெகதளா என்னும் படகர் ஊர் இருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் மலையில் ஜலத்துக்கு என்ன பஞ்சம் என்று சமவெளியில் வசிப்போர் கேட்கலாம். மலை ஜலத்தின் சுபாவம் நில்லாமல் ஓடிவிடுவது. ஐப்பசி, கார்த்திகையில் பெருகும் ஊற்று மாசி, பங்குனியில் மெலிந்துவிடும். ஆகையால் அத்தகைய ஊர்களில் ஊற்றை அளப்பவர் கோடையில் வர வேண்டும். மழைக்காலத்தில் அளந்து போட்ட திட்டம் காகிதத்தில்தான் ஜலம் தரும்.

அழுத்தம் என்பது மற்றொரு விஷயம். 100 மீட்டர் இறக்கத்தில் குழாய்க்குள் நிற்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ வீதம் அழுத்தும். நடுநடுவே தொட்டி கட்டி அதைத் தணிக்காவிட்டால், பள்ளத்தில் குழாய் வெடித்து ஜலம் வீணாகும். மேட்டு வீட்டாருக்குச் சொட்டும் கிட்டாது. எந்த வீடு மேட்டில் இருக்கிறது, எந்தப் பாதை மழையில் சரியும் என்று ஊராரைக் கேட்டால் ஒரு நாழிகையில் சொல்லிவிடுவார்கள். கேட்பவர்தான் வேண்டும்!

பெரிய திட்டங்களும் நடுவழியில் நிற்பதுண்டு. வீராணம் ஏரியின் ஜலத்தைச் சென்னைக்குக் கொண்டுவர 1970-ஐ ஒட்டி நடந்த முயற்சி பாதியில் நின்றது. ஆள் நுழையும் பெரிய குழாய்கள் சாலையோரத்தில் பல வருஷங்கள் கிடந்தன. வீடற்ற ஏழைகள் அவற்றுள் குடியிருந்தார்கள். குழாய் வீடாயிற்று, ஜலம் வந்ததோ 2004-ல், வேறொரு புதிய திட்டத்தினால்.

இதற்கு மாற்று வழியும் தமிழ்நாட்டிலேயே தோன்றியது. 1971-ல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியத்தின் இஞ்சினீயர்கள், 2004-ஐ ஒட்டி ‘கூடம்’ என்னும் முறையைக் கைக்கொண்டார்கள். பெரிய உத்தியோகம், சிறிய உத்தியோகம் என்ற பேதமின்றி ஒன்றாக அமர்ந்து பேசினார்கள். பிறகு கிராமத்தாருடனும் அவ்வாறே அமர்ந்தார்கள். புதிதாகக் கட்டுமுன் பழையதைச் செப்பனிட முடியுமா என்று ஆராயலானார்கள்.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் விதிகளும், கிராம ஜலக் கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன. குடத்தின் கனம் அறிந்தவர்கள் அல்லவா? ஆனால் கையெழுத்துக்காக மட்டும் கூடும் கமிட்டியால் ஒரு பயனும் இல்லை.

ஆதலால் நேயர்கள் தங்கள் ஊரில் திட்டம் வரும்போது மூன்று கேள்விகள் கேட்கட்டும். மண் மூடுமுன் குழாயின் அழுத்தத்தைச் சோதித்தார்களா? வால்வு திறக்கும் ஆளுக்குச் சம்பளம் எந்தப் பணத்திலிருந்து வரும்? பழுது நேர்ந்தால் பொறுப்பாளி யார்?

திறப்பு விழாவில் கை தட்ட அவசரம் வேண்டாம். அடுத்த பங்குனியில் மேட்டு வீட்டுக் குழாயில் ஜலம் வரட்டும். அப்போது தாராளமாகத் தட்டலாம்.