ஒலியைக் கூட்டுமுன்

"மடிக்கணினியில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு வித்தையா? அதற்கு ஆண்டு மலரில் ஒரு கட்டுரையா?" என்று தோழியர் பலர் சிரிப்பது எங்களுக்குத் தெரியும். சென்ற ஆடி மாதம்வரை நாங்களும் அப்படித்தான் சிரித்திருப்போம்.

நாங்கள் நால்வர் பனமலையிலிருந்து பேருந்தில் பள்ளிக்கு வருகிறவர்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு மடிக்கணினி. அதுவும் எங்களுள் ஒருத்தியின் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், எங்களைப் போன்ற எத்தனையோ வீடுகளுக்குள் முதல் கணினியைக் கொண்டுவந்து வைத்தது. அக்கா இப்போது சென்னையில் வேலைக்குப் போகிறாள். அவள் விட்டுச் சென்ற கணினியின் பேட்டரி போய்விட்டதால் சுவரில் செருகினால்தான் அது கண் விழிக்கும். ஆனாலும் எங்களுக்கு அதுவே பெருஞ்செல்வம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் அதன்முன் அமர்ந்து பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒலியியல் பாடத்தைப் போட்டோம். திரையில் ஆசிரியர் வாயை அசைக்கிறார், கையை ஆட்டுகிறார், கரும்பலகையில் எழுதுகிறார். ஆனால் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஒலியைப் பற்றிய பாடமே ஊமைப் படமாக ஓடியது! பக்கத்தில் தட்டிப் பார்த்தோம். அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். "ஸ்பீக்கர் போயிருக்கும்" என்றார் தோழியின் அப்பா. மறுநாள் துணிப்பையில் வைத்து, பேருந்தில் மடியில் சுமந்து, நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திறந்தார். ஒரே ஒரு விசையை ஒரே ஒரு முறை அழுத்தினார். பாட்டு அலறியது. "பத்தாவது படிக்கிறீங்க, இது தெரியாதா?" என்று கேட்டு 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் வீடு வரும்வரை எங்களைக் குடைந்தது.

தெரியாதுதான். கணினியின் தலைமுறைகளை வரிசையாகச் சொல் என்றால் வெற்றிடக் குழாயில் தொடங்கி ஒரே மூச்சில் ஒப்பிப்போம். உள்ளீட்டுக் கருவி எது, வெளியீட்டுக் கருவி எது என்று படம் வரைந்து பாகம் குறிப்போம். சத்தம் வராவிட்டால் எங்கே பார்ப்பது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்களே என்ற அச்சம். ஆசிரியைகள் எங்கள்மீது கோபிக்கக் கூடாது. கணினி வகுப்பின் முதல் நாளே இதைக் கற்றுத்தரலாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. அதுவரை, 150 ரூபாய் கொடுத்து நாங்கள் கற்றதைத் தோழியர் இலவசமாகவே பெற்றுக்கொள்ளலாம்.

விண்டோஸ் உள்ள கணினியானால் திரையின் கீழ்ப்பட்டையில் வலது ஓரத்தைப் பாருங்கள். கடிகாரத்துக்கு அருகே சின்ன ஒலிபெருக்கிப் படம் ஒன்று இருக்கும். அதன்மீது பெருக்கல் குறி தெரிந்தால் கணினி வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சொடுக்கினால் ஒரு கோடு வரும். கோட்டிலுள்ள புள்ளியை நகர்த்தினால் 0 முதல் 100 வரை எண் மாறும். இதே வேலையை விசைப்பலகையின் மேல்வரிசையிலும் செய்யலாம். எஃப் என்ற எழுத்தோடு எண் போட்ட விசைகளில் மூன்றின்மேல் ஒலிபெருக்கிப் படம் இருக்கும்: ஒன்று வாயடைக்க, ஒன்று குறைக்க, ஒன்று கூட்ட. சில கணினிகளில் கீழே இடப்பக்கம் உள்ள எஃப்என் என்ற விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் அவை வேலை செய்யும். எங்கள் விரல் எப்போதோ தெரியாமல் அந்த வாயடைப்பு விசையில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இவையெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லையென்றால், ஓடுகிற படத்தின் கீழேயே தனியாக ஓர் ஒலிபெருக்கிப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் யாராவது மூடியிருக்கலாம். இயர்போன் செருகியிருந்தால் சத்தம் அதற்குள்தான் போகும். புளூடூத் இருந்தால் இன்னும் வேடிக்கை. கணினி இங்கே இருக்க, பாட்டு அடுத்த அறையில் அண்ணனின் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிப்பது இவ்வளவு எளிது. கண்டுபிடித்த பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய பிழை. எண்ணை நேரே 100இல் கொண்டுபோய் வைத்தோம். காசு கொடுத்து மீட்ட சத்தமாயிற்றே, ஏன் குறைவாகக் கேட்பானேன்?

காரணம் வேறொன்றும் உண்டு. கணினி இருக்கும் வீட்டில் மாலை 6 மணி முதல் தொலைக்காட்சி ஓடும். அந்த வீட்டுத் தாத்தாவுக்குக் காது மந்தம். ஆகையால் அது தெருமுனைவரை கேட்கும். போதாக்குறைக்கு அடுக்களையில் மிக்சி. எதிர்வீட்டில் விசேஷம் என்றால் அங்கேயும் பாட்டு. "படிக்க முடியவில்லை" என்று தோழி முறையிட்டபோது பெரியவர்கள் கொடுத்த விடை, "காதுல மாட்டிக்கோ" என்பதே. அவளும் மாட்டிக்கொண்டாள். வெளிச்சத்தத்தை மீறிப் பாடம் கேட்க வேண்டுமே! நாள்தோறும் இரண்டு மணி, மூன்று மணி நேரம், அதே 100.

ஒரு மாதம் கழித்து, காலையில் எழும்போது காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. எங்கள் மூவரிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் இயர்போனைப் பிடுங்கிவிடுவார்கள், பாடம் போய்விடும் என்ற பயம். கடைசியில் அவள் சொன்னது தாத்தாவிடம். அவர் காதருகே குனிந்து உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தாத்தா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் மில்லுல அப்படித்தான் ஆரம்பிச்சுது பாப்பா" என்றாராம். அவர் பல ஆண்டுகள் ரைஸ்மில்லில் இயந்திரத்தின் அருகே நின்று வேலை செய்தவர். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை.

அதைக் கேட்டபின் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அவளைக் காது மருத்துவரிடம் அழைத்துப்போகச் செய்தோம். அவள் காது நன்றாகவே இருக்கிறது என்று சோதித்துச் சொன்ன மருத்துவர், சில வாரங்கள் இயர்போனைத் தொடக் கூடாது என்றார். மெல்ல மெல்ல 'ஙொய்' சத்தமும் நின்றது. அவர் விளக்கியதிலும் நாங்கள் படித்ததிலும் மனத்தில் பதிந்தவை இவை. நம் உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் உள்ளன. பேரொலி அவற்றைச் சிறுகச் சிறுக அழிக்கிறது. வெட்டிய தலைமயிர் வளரும், இவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் கெடுவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். ச, ட, த போன்ற மெய்யொலிகள் அதனால்தான் மங்கிப்போகின்றன. தாத்தா தொலைக்காட்சியை எவ்வளவு கூட்டினாலும் "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னு புரியல" என்று சலித்துக்கொள்வதன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. வீட்டாரெல்லாம் அதை அவருடைய முதுமைப் பிடிவாதம் என்றல்லவா எண்ணியிருந்தார்கள்!

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்கிறது. 90 டெசிபலானால் 4 மணி நேரந்தான். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதே காரணம். சிறார்க்கு அந்த 80ஐயும் 75ஆகக் குறைத்திருக்கிறார்கள். கணினி காட்டும் 100 என்பது டெசிபல் கணக்கு அன்று. உள்ளதில் எத்தனை பங்கு என்பதை மட்டுமே அது காட்டும். ஆகவே முழு அளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் போகாதீர்கள் என்பதும் அந்நிறுவனத்தின் அறிவுரை. உலகில் 12 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் செவி இவ்வகையில் ஆபத்தில் இருப்பதாக 2022இல் அது எச்சரித்தது. அந்த நூறு கோடியில் ஒருத்தி எங்கள் பெஞ்சியில் அமர்ந்திருக்கிறாள்.

எங்கள் பனமலைக் குன்றின்மேல் தாலகிரீசுவரர் கோயிலைக் கட்டியவன் பல்லவ மன்னன் இராசசிம்மன். காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளில் அவனுக்கு 'வாத்ய வித்யாதரன்', 'வீணா நாரதன்' என்றெல்லாம் பட்டப்பெயர்கள் உண்டு. இசையில் அத்தனை நாட்டம் கொண்டவன்! தேர்வுக் காலத்தில் நாங்கள் அந்தக் குன்றேறிப் படிப்பதுண்டு. கீழே ஏரியும் வயலும் பார்க்கக் கண் கொள்ளாது. காதுதான் கொள்ளாது. திருமணம், காதுகுத்து, கூட்டம் என்று ஏதோ ஓர் ஒலிபெருக்கி குன்றின் உச்சிவரை துரத்தி வரும். நாட்டில் 2000ஆம் ஆண்டே ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை பொதுவிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாநாள்களுக்கு மட்டும் அரசு சில தளர்வுகள் தரலாம். பள்ளியையும் மருத்துவமனையையும் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. விதி இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ ஊர்ப்பகை எதற்கு என்று பேசாதிருக்கிறார்கள்.

ஊரைத் திருத்த எங்களால் ஆகாது. வீட்டைப் பற்றியாவது பேசலாமா? பெற்றோரே, நாங்கள் மரியாதையோடு சொல்வது இது. பிள்ளை படிக்கும் வேளையில் "காதுல மாட்டிக்கோ" என்பது தீர்வாகாது. ஓரிடத்துச் சத்தத்தை வெல்ல இன்னோரிடத்தில் அதைவிடப் பெரிய சத்தத்தை, அதுவும் செவிப்பறைக்கு அருகில், வைக்கச் சொல்கிறீர்கள். கணினியின் எண் 100க்குப் போனால் அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் கூடத்துத் தொலைக்காட்சியில் என்ன எண் என்று பாருங்கள். தம்பி படித்தால் அணைகிற தொலைக்காட்சி, அக்காள் படித்தால் அணையாத வீடுகளும் உண்டு. அவரவர் வீட்டை அவரவர் அறிவர்.

தாத்தாவிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. தம் காது மங்கியதால் தொலைக்காட்சி உரக்கப் பேசி, அதனால் பேத்தியின் காதுக்குக் கேடு வரவிருந்தது என்பதை அவரே கூட்டிக் கணக்குப் பார்த்துவிட்டார். இப்போது 7 மணியானால் சத்தத்தை முழுதும் அடைத்துவிட்டு, செய்தியில் கீழே ஓடும் எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். காதொலிக் கருவி வாங்கலாம் என்றால் "கெழவனுக்கு எதுக்கும்மா" என்கிறார். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் அரசு அதை வழங்குவதை எடுத்துச் சொல்லியிருக்கிறோம். விண்ணப்பத்தை நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். அவர் கையெழுத்துத்தான் பாக்கி.

கணினியில் இப்போது எண் 40. நால்வருக்கும் நன்றாகவே கேட்கிறது. எட்டரை மணிச் சீரியலைப் பற்றி மட்டும் தோழியின் அம்மாவுடன் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.