திறந்த போத்தலும் மறந்த பாடமும்

சென்ற மாதம் பாரிஸ் மாநகரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இரசாயனம் கற்ற மாணவர். இன்று அங்கே ஓர் உணவுச்சாலையின் சமையலறையில் வேலை பார்க்கிறார். திறந்த வெண்திராட்சை மதுப் போத்தல் ஒன்றை மூடாமல் அடுப்பருகே மூன்று நாள் வைத்துவிட்டு, பின்னர் அதை மீன் சமையலுக்கு ஊற்றினாராம். சமைத்தது முழுதும் வினாகிரியாய்ப் புளித்துவிட்டது. தலைமைச் சமையற்காரர் யாவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதோடு, இன்னொருமுறை நேர்ந்தால் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். “மது பழையதாகப் பழையதாகச் சிறக்கும் என்றல்லவா கேள்விப்பட்டேன், சேர்? அது எத்தனை நாளைக்கு இருக்கும்? எப்படி வைக்க வேண்டும்?” என்று கேட்டிருந்தார்.

மது புழங்காத வீட்டிலே பிறந்து வளர்ந்தவன் நான். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும், ஒருவருடைய பிழைப்புக்கு வேண்டிய அறிவை மறுப்பது ஆசிரியருக்கு அழகன்று. அன்றியும், இக்கேள்விக்குரிய விடை நம் வீட்டுப் பால் செம்புக்கும் பயன்படுவது.

மதுவைக் கெடுக்கும் பகைகள் மூன்று: வளி, வெப்பம், வெளிச்சம். போத்தலைத் திறந்தவுடன் வளி புகுகின்றது. வளியிலுள்ள ஒட்சிசனைத் துணைக்கொண்டு ஒருவகைப் பற்றீரியா மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றது. வினாகிரியின் புளிப்பு அதுவே. வெப்பம் இவ்வேலையை விரைவாக்கும். செம்மதுவில் திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்புப் பொருள் ஒட்சிசனை ஓரளவு தாங்கி நிற்கும். தோலை நீக்கிச் சாற்றைமட்டும் நொதிக்கவிடுவதால் வெண்மதுவுக்கு அந்தக் காவல் குறைவு.

ஆகவே, திறந்த வெண்மதுவை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் வரை இருக்கும். திறவாத போத்தலாயின், சாதாரண வகைகளை இரண்டொரு ஆண்டுகளுக்குள் பயன்படுத்திவிடுவதே நன்று. அவற்றை இருளும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில், ஏறக்குறைய 12 பாகை செல்சியசில், வெப்பநிலை ஏறியிறங்காமல் வைத்தல் வேண்டும். தக்கையிட்ட போத்தலைக் கிடையாகக் கிடத்துவர்; தக்கை காய்ந்து சுருங்கினால் வளி உட்புகும். திருகுமூடிப் போத்தலுக்கு அது வேண்டியதில்லை.

ஆண்டுகள் பல கடந்தும் சிறப்பன சிலவே. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் ஆர்புவா என்றோர் ஊர் உண்டு. அங்கே வெண்திராட்சையிலிருந்து “மஞ்சள் மது” என ஒன்றைச் செய்வர். அதனை மரப்பீப்பாயில் ஆறு ஆண்டுகளுக்கு மேலாக விட்டுவைப்பர். குறையும் மதுவை நிரப்புவதும் இல்லை. எனினும் அது வினாகிரியாவதில்லை. மதுவங்கள் மேற்பரப்பில் ஆடைபோற் படர்ந்து வளியினின்றும் அதனைக் காக்கின்றன. 1774 ஆம் ஆண்டு அவ்வூரில் விளைந்த அத்தகைய மதுப் போத்தலொன்று 2018 இல் ஒரு இலட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது.

இதே ஆர்புவாவில் வளர்ந்தவர்தான் அறிஞர் லூயி பாச்சர். பிரெஞ்சு மது வழியிலே கெட்டு வணிகம் நட்டப்படுவது கண்டு, காரணம் ஆராயுமாறு 1863 இல் மூன்றாம் நெப்போலியன் அவரைக் கேட்டுக்கொண்டார். கெடுப்பவை நுண்ணுயிர்களே என்று கண்ட பாச்சர், மதுவை 50 முதல் 60 பாகை வரை சிறிதுநேரம் சூடாக்கினால் அவை அடங்கும் எனக் காட்டினார். கடற்படையினர் சூடாக்கியதும் சூடாக்காததுமாக இருவகை மதுவைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். பத்து மாதங்களின் பின் திரும்பியபோது முன்னது இனிதாக இருந்தது. பின்னது புளிக்கத் தொடங்கியிருந்தது. இன்று நம் குழந்தைகள் அருந்தும் “பாச்சர்முறைப் பால்” இந்த மது ஆராய்ச்சியின் வழிவந்ததே.

நம்மவரும் இதனை அறியாதவரல்லர். பனையிற் கட்டும் முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் மதுவம் தொழிற்படாது. பள்ளி காணாத தொழிலாளியின் கைகள் அறிந்த இரசாயனம் இது.

இவற்றையெல்லாம் எழுதி மாணவருக்கு அனுப்பினேன். அனுப்பியபின் ஒன்று நினைவுக்கு வந்தது. மதுசாரம் அசற்றிக்கமிலமாகும் சமன்பாட்டைப் பரீட்சையில் பிழையின்றி எழுதியவர் அவர். நானே புள்ளி இட்டேன். அடுப்பருகே நின்ற போத்தலில் அதே சமன்பாடு நிகழ்வதை அவர் காணவில்லை. பிழை அவருடையதன்று. கரும்பலகையில் எழுதினேனேயன்றி, புளித்த கள்ளையோ வினாகிரியையோ வகுப்புக்குக் கொண்டுவந்து ஒருநாளேனும் முகரச் செய்தேனில்லை.

இவ்வாண்டு அப்பாடம் வரும்போது, மேசைமேல் ஒரு வினாகிரிப் போத்தல் இருக்கும். பெற்றோரே, உங்கள் பிள்ளை நொதித்தலைப் பற்றிப் படிக்கும் இரவில், அடுக்களையில் புளித்துக்கொண்டிருக்கும் தோசை மாவை ஒருமுறை திறந்து காட்டுங்கள்.