துணைமருந்து தலைமருந்து ஆகாது

இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையை உடைத்தவர்கள் ஆத்திரேலியாவின் பெர்த்து நகரத்து மருத்துவர் இருவர். இராபின் வாரனும் பாரி மார்சலும் 1982-இல், எலிக்கோபாக்டர் பைலோரி எனப் பின்னர்ப் பெயர்பெற்ற சுருள்வடிவ நுண்ணுயிரியை இரைப்பையினின்று பிரித்து வளர்த்துக் காட்டினர். ஏற்பார் குறைவாயிருக்கவே, 1984-இல் மார்சல் அந்நுண்ணுயிரி கலந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, உண்மையை நிறுவினார். 2005-இல் நோபெல் பரிசு இருவரையும் நாடி வந்தது.

இத்துணை அரிதின் முயன்று கண்ட உண்மை இன்று வாணிகக் கூச்சலில் மங்குகின்றது. புரோபயாட்டிக் என விற்கப்பெறும் நன்னுயிரிகளே இந்நோயை வேரறுக்கும் என்பார் ஒருசாரார். மோரும் பூண்டும் போதும், மருந்தே வேண்டா என்பார் மற்றொருசாரார். இரண்டும் பொய்யுரையே.

நன்னுயிரிகள் பயனற்றவை என்பதன்று இதன் பொருள். இந்நோய்க்குரிய மருத்துவம், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளையேனும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் உண்பது. அக்கொல்லிகள் தீயவற்றோடு குடலின் நல்லுயிரிகளையும் அழிப்பதால் வயிற்றுப்போக்கு உண்டாகின்றது. அதற்கு அஞ்சிப் பலர் இடையில் நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமியோ மருந்துக்கு அடங்காத வன்மை பெறுகின்றது. ஆய்ந்து தேர்ந்த சில நன்னுயிரிகள் அத்தொல்லையைக் குறைத்து, மருத்துவத்தை முடிக்கத் துணைசெய்கின்றன. தனித்து நின்று கிருமியை ஒழிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின் என்னும் நார்ப்பொருள் நன்னுயிரிகளுக்கு இரையாவது. பிரிபயாட்டிக் என்பது இதுவே. ஆனால் அது செரியாமற் சென்று பயன்படும் இடம் பெருங்குடல். கிருமி குடியிருப்பதோ இரைப்பை!

இதில் ஏமாறுவது காசளவில் நிற்பதன்று. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994-இலேயே இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்றாக அறிவித்தது. தொற்றுடையார் எல்லார்க்கும் புற்று வருவதில்லை. எனினும் யார்க்கு வரும் என முன்னறிந்து சொல்வார் யார்? மோரை நம்பி மருந்தைத் துறப்பவர் உயிரையன்றோ பணயம் வைக்கின்றார்!

உணவை மருந்தென்று பொய்யாகப் புகழ்தல் அவ்வுணவுக்குப் பெருமை ஆகாது. மோர் உணவாக இருக்கட்டும். நன்னுயிரி மருத்துவர் அறிவுரைப்படி துணையாக நிற்கட்டும். தொற்றுடையார் மருந்தை முற்றும் உண்டு, முடித்த நான்கு கிழமைக்குப் பின் மூச்சாய்வாலோ மலஆய்வாலோ கிருமி ஒழிந்ததை உறுதிசெய்க. துணையைத் தலைமை ஆக்குவார், நோய்க்கே துணைபோவார்.