பழைய கணினியும் புதிய கடனும்

நம் மாணவரிடையே ஒரு பேச்சு பரவியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட சில்லுகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே பழைய மேசைக் கணினிகளெல்லாம் இனிக் குப்பை என்பதே அப்பேச்சு. இதை நம்பித் தவணைக் கடனில் புதியது வாங்கத் துணிந்த தோழர்களும் உளர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்!

விண்டோஸ் 10-க்கு ஆயுள் முடிந்ததே தவிர இயந்திரத்திற்கு முடியவில்லை. 2013-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐ5 சில்லு, ஆய்வேடு எழுதவும் பைத்தான் நிரல் ஓட்டவும் இன்றும் போதும். பின் ஏன் அக்கணினி ஆமையாய் நகர்கிறது? குற்றவாளி பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான். சுழலும் தட்டின்மேல் அதன் தலை இடம் தேடி ஓடவேண்டும். ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 10 மில்லி வினாடி. அதாவது வினாடிக்கு 100 தேடல். கணினி விழித்தெழுவதோ, அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுத்துத்தான். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் தலையும் இல்லை. பல்லாயிரம் தேடல்கள் ஒரே வினாடியில் முடியும். பழைய மதர்போர்டின் சாட்டா இணைப்பிலேயே அதைப் பொருத்தலாம். 256 ஜிபி போதும். பழைய டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். படங்களும் பாடல்களும் அதிலேயே கிடக்கட்டும்.

அடுத்தது ராம். 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால் புதிய ராம் விலை ஏறிற்று. ஆகவே பழைய கணினியிலிருந்து கழற்றியதைத் தேடுவதே அறிவுடைமை. நேரு பிளேஸ் கடைகளில் கிடைக்கும். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 நுழையாது என்பதை மட்டும் நினைவிற் கொள்க. வாங்கி வந்ததும் ஓரிரவு மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள்.

இங்கே நின்றுவிட வேண்டும். சில்லையும் புதுத் தலைமுறைக்கு மாற்றுவோமே என்று ஆசைப்பட்டால், அதற்குப் புதிய மதர்போர்டு, மதர்போர்டுக்கு ஏற்ற ராம், சில சமயம் பவர் சப்ளையும் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும். பவர் சப்ளை பழுதானால் மட்டும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கை நாடாதீர்கள். அது எரிந்தால் தான் மட்டும் எரிவதில்லை.

விண்டோஸ் இல்லாமல் என் செய்வது என்பீர்கள். லினக்ஸ் மின்ட், டெபியன் ஆகியவை காசின்றிக் கிடைக்கின்றன. தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் அமையும். (நம் மலருக்குக் கட்டுரை தட்டச்சிட வேறென்ன வேண்டும்? ஆசிரியர் குழு கேட்பது கட்டுரையைத்தானே!) ஆயினும் விண்டோஸில் மட்டுமே ஓடும் ஆய்வுக்கருவி மென்பொருளை நம்பியிருப்போர்க்கு இவ்வழி உதவாது, அவர்கள் செலவு செய்தே ஆகவேண்டும்.

மற்றவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் விடுதியை விட்டுப் போகிறவர்கள் ராம், கேபிள், விசைப்பலகை என்று எத்தனையோ விட்டுச் செல்கிறார்கள். அவை பழைய இரும்புக்காரரிடம் போய், சீலம்பூர்ச் சந்துகளில் கையுறையும் இன்றி மின்கழிவை உடைத்துப் பிழைப்பவர் கைக்குச் சேரக்கூடும். 2023 ஏப்ரல் 1 முதல் மின்கழிவுக்குப் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களும் உள்ளனர். உண்மையிலேயே செத்தவற்றை அவர்களிடம் அனுப்புவோம். உயிருள்ளவற்றைச் சங்க அறையில் ஒரு பெட்டியில் சேர்ப்போம். அருகில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருக்கட்டும். ஊரிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் முதலாண்டு மாணவர் ஒருவர் அதனால் கடனின்றிப் படிக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனை முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டிக்கு முதல் 4 ஜிபி என்னுடையது.