கல்ச்சரில் வளராத கிருமிக்கு எத்தனை ஊசி?

குழந்தையின் எலும்பு வீங்கி வலித்தால் கிருமிதான் காரணம் என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டுமல்ல, மருத்துவர்கள் பலரிடமும் ஊறிப்போயிருக்கிறது. 'எலும்பில் சீழ் வைத்துவிட்டது' என்றதும் ஆன்டிபயாட்டிக் ஊசி தொடங்கிவிடுகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளரவில்லையா? கிருமி ஒளிந்திருக்கிறதாம், மருந்தை மாற்றுகிறார்கள். வலி குறைந்தால் மருந்து கேட்டுவிட்டது. திரும்ப வந்தால் மருந்து போதவில்லை. எது நடந்தாலும் பழி கிருமிக்கே. இது வைத்தியம் அல்ல, பிடிவாதம்.

கிருமி அகப்படாமலே பல எலும்புகளில் அழற்சி கண்ட குழந்தைகளைப் பற்றி ஆன்ட்ரெஸ் கீடியனும் சகாக்களும் 1972-லேயே எழுதிவிட்டார்கள். சிஆர்எம்ஓ, சிஎன்ஓ என்று இன்று அழைக்கப்படுவது அந்த நோய்தான். உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி எலும்பைப் புண்ணாக்குகிறது. வலி வரும், தானே தணியும், மறுபடி வரும். தானாகத் தணிந்த வலிக்குத்தான் ஆன்டிபயாட்டிக் பெயர் வாங்கிக்கொள்கிறது.

பத்து வயதுச் சிறுமியின் காறை எலும்பைப் பாருங்கள். நெஞ்செலும்பை ஒட்டிய முனை கெட்டியாகப் புடைத்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஸ்கூல் பையின் வார் பட்டால் முகம் சுளிக்கிறாள். ராத்திரியில் வலியால் விழித்துக்கொள்கிறாள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி இயல்பாகவோ சற்றே ஏறியோ இருக்கிறது. கிருமித் தொற்று காறை எலும்புக்கு வருவது அபூர்வம். இந்த நோயோ அங்கே அடிக்கடி வரும். அவளுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ, இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடிய சொரியாசிஸ், குடல் அழற்சி, உள்ளங்கை உள்ளங்காலில் சீழ்க்கொப்புளம் உண்டா என்று கேட்க ஒரு நிமிடம் ஆகுமா? முழு உடல் எம்ஆர்ஐ எடுத்தால், அவள் வலி என்றே சொல்லாத முதுகெலும்பிலும் அழற்சி தெரியலாம். கவனிக்காமல் விட்டால் அந்த முள்ளெலும்பு நசுங்கிப்போகலாம்.

இதற்காகத் தொற்றை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. காய்ச்சலோடு, காலை ஊன்ற முடியாமல், சிஆர்பி எகிறி வரும் குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடக் கூடாது. கல்ச்சர் வெறுமையாக வந்தது என்பது மட்டுமே சிஎன்ஓவுக்குச் சான்றும் ஆகாது. சின்னக் குழந்தைகளைத் தாக்கும் கிங்கெல்லா என்ற கிருமி சாதாரணக் கல்ச்சரில் எளிதில் வளராது, அதற்கு, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வேண்டும். எலும்புக் காசநோயும், ரத்தப் புற்றுநோயும், யூயிங் எனும் எலும்புப் புற்றுக்கட்டியும்கூட இதே வேஷத்தில் வரும். ஐயம் இருக்கும்வரை பயாப்ஸி அவசியம். எடுத்த திசுவைக் கல்ச்சருக்கும், காசநோய்ச் சோதனைக்கும், நோய்க்கூறியல் மருத்துவருக்கும் பிரித்து அனுப்ப வேண்டும். காசநோய் உள்ளே இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆபத்து.

இவற்றையெல்லாம் விலக்கிய பிறகும் ஊசியைத் தொடர்வதற்கு என்ன நியாயம்? பலருக்கு நாப்ராக்சன் போன்ற அழற்சி தணிக்கும் மாத்திரையே கேட்கிறது. போதாவிட்டால் பாமிட்ரோனேட், மெத்தோட்ரெக்சேட், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன.

பெற்றோரே, ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகும் வலி திரும்பினால், அடுத்த ஊசிக்குத் தலையாட்டும் முன் கேளுங்கள்: 'இது கிருமி இல்லாத அழற்சியாக இருக்குமா டாக்டர்? குழந்தைகள் வாதநோய் மருத்துவரிடம் ஒருமுறை காட்டலாமா?'